கசப்புக்கு ஒரு நல்ல வார்த்தை

துபாய் விமான நிலையத்தின் வெளிவாசலில் என் தங்கை வீட்டுக்காரர் கதிரேசன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீங்க பீர் சாப்பிடுவீங்கள்ல மச்சான்?" என்பது. கல்யாணமான நாளிலிருந்து என் எதிரில் ஒரு சிகரெட்கூடப் பற்றவைக்காத மனிதர். பக்கத்தில் தங்கை வள்ளி நின்றிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் அவர்கள் மகள் ரித்திகா காதில் எதையோ செருகிக்கொண்டு என் பெட்டியை உருட்டிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு அவர் தரையைப் பார்த்தார். வள்ளி போனில் சொன்னதைவிட நிலைமை மோசம் என்று அங்கேயே புரிந்துவிட்டது.

நான் திண்டுக்கல்லில் மருந்து கம்பெனி ரெப்பாக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் துப்புகிற இருமல் மருந்தையும், பெரியவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிற ஈரல் டானிக்கையும் டாக்டர்களை எழுத வைத்தே காலத்தை ஓட்டினேன். அந்தப் பெருமை எங்கள் குடும்பத்தில் தேவைக்கு அதிகமாகவே பேசப்படும். "அண்ணே, நீ விக்காத கசப்பா? ஒரு தடவ வந்து பாரு" என்று வள்ளி அழுததும் கிளம்பி வந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். கதிரேசன் வேலை பார்ப்பது மதுபானம் இறக்குமதி செய்யும் கம்பெனியில். ரொம்ப காலம் மேலே இருப்பவர்கள் சொன்னதை விற்றுக்கொண்டிருந்தவர், முதல் தடவையாகத் தானே ஒரு யோசனை சொன்னார். இங்கிலாந்தில் காலங்காலமாகக் குடிக்கிற ஒரு வகை பீர் இருக்கிறது. பெயரே பிட்டர். டிகாக்‌ஷன் நிறம், நுரை கம்மி, போதையும் கம்மி. அதில் மலிவான ஒன்றைப் பாட்டிலில் வரவழைத்தால், இந்த நாட்டில் இருக்கிற இங்கிலீஷ்காரர்கள் ஊர் ஞாபகத்தில் அள்ளிக்கொண்டு போவார்கள், விலை குறைவு என்பதால் நம் ஆட்களும் வாங்குவார்கள் என்றார். மேனேஜர் ஒத்துக்கொண்டு ஒரு கன்டெய்னர் வரவழைத்தார். அது அப்படியே கோடவுனில் தூங்குகிறது. பாட்டிலில் அச்சடித்த கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குள் சரக்கு நகராவிட்டால் நீ நகர வேண்டியிருக்கும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வேலை போனால் விசா போகும். வள்ளியும் ரித்திகாவும் அவர் விசாவில் இருப்பவர்கள். பள்ளிக்கூடத்தில் பொதுப் பரீட்சை வரப்போகிறது.

அன்று சாயங்காலம் அல் குசைஸ் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டு ஹாலில் எனக்கு முதல் பாட்டில் திறக்கப்பட்டது. லேபிளில் பீப்பாய் ஏற்றிய ஒரு குதிரைவண்டிப் படம். கதிரேசன் கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல், பூஜைக்கு ஊற்றுவதுபோல ஊற்றினார். ஒரு வாய் குடித்தேன். எங்கள் கம்பெனி நிறுத்திவிட்ட ஈரல் டானிக் நாக்கில் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பின்னால் ஈரச் சாக்கு வாசனை.

"எப்படி மச்சான்?"

"விமானத்துல வந்த நாக்கு மாப்ள, ருசி தெரியல. நாளைக்குச் சொல்றேன்" என்றேன். தொழில் பழக்கம், கஷ்டமான கேள்வியை அடுத்த விசிட்டுக்குத் தள்ளிவிடுவது.

"எடுத்தோம் கவுத்தோம்னு செய்யல மச்சான். டெஸ்ட் பண்ணித்தான் எடுத்தேன்" என்றார். எங்கே என்று கேட்டேன். "இதே ஹால்லதான். லீவு நாளா பாத்து நம்ம பசங்க எல்லாரையும் வரச்சொன்னேன். வள்ளி மட்டன் சுக்கா, மீன் வறுவல், சாப்பாடு எல்லாம் பண்ணியிருந்தா. எல்லாருக்கும் ஊத்திக் குடுத்துக் கேட்டேன். ஒருத்தன்கூட நல்லா இல்லைன்னு சொல்லல."

விருந்துக்குக் கூப்பிட்டு, கறி போட்டு, சும்மா ஊற்றிக் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டால், நம் ஊரில் பிறந்த எவன் நன்றாக இல்லை என்பான்? உப்பில்லாத சாம்பாரையே பிரமாதம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் ஊறுகாய் தொட்டுச் சாப்பிடுகிற ஜாதி நாம். அந்த ஒரு மத்தியானச் சாப்பாட்டை நம்பி இந்த மனிதர் ஒரு கன்டெய்னருக்குக் கை தூக்கியிருக்கிறார்.

மறுநாள் கதிரேசன் டியூட்டிக்குப் போனதும், அவரிடம் சொல்லாமல், அந்த விருந்தில் சாப்பிட்டவர்களைப் பார்க்கக் கராமாவுக்குக் கிளம்பினேன். மெட்ரோவில் ஒரு பெட்டி காலியாக இருக்கிறதே என்று ஏறி உட்கார்ந்தேன். திண்டுக்கல் பஸ்ஸில் இடம் பிடித்துப் பழகிய உடம்பு. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சுற்றிலும் பெண்களாகவே இருப்பது உறைத்தது. ஒரு பிலிப்பைன்ஸ் பெண் தரையில் இருந்த கோட்டைக் காட்டி, "அங்கிள், இது பெண்கள் பெட்டி, அபராதம் போடுவார்கள்" என்றாள். கோட்டைத் தாண்டி ஓடினேன். நம் ஊரில் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்த ஆளை எழுப்ப ஒரு சண்டையே போட வேண்டும். இங்கே ஒரு கோடு போதும்.

கராமாவில் ஒரு சைவ ஓட்டலில் சாப்பிட்டேன். ரசம் நம் ஊரைவிட நன்றாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. பக்கத்துக் கடையில் இட்லி அரிசி, நல்லெண்ணெய், சுக்குப்பொடி, சுண்டைக்காய் வற்றல், ஊதுவத்தி, முறம். ஆமாம், முறம். ஒருவர் அதை வாங்கித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் விலையைப் போல மூன்று மடங்கு சொன்னார்கள், பேரம் பேசாமல் கொடுத்தார். கதிரேசனின் கணக்கு எங்கே பிறந்தது என்று எனக்கு விளங்கியது. இந்தக் கடைக்கு வருகிறவர்களைப் பார்த்துத்தான் அவர் இங்கிலீஷ்காரரையும் எடை போட்டிருக்கிறார்.

முருகேசனின் ரூம் அந்தக் கடைக்கு மேலேயே. பரமக்குடிக்காரர், ஏசி மெக்கானிக், கதிரேசனின் விருந்தில் சாப்பிட்டவர்களில் ஒருவர். அடுக்குக் கட்டில்களில் எட்டுப் பேர், ஒரு பாத்ரூம். அன்று அவருக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் லீவு. டீ போட்டுக் கொடுத்தார்கள். நான் யார் என்று தெரிந்ததும் கட்டிலில் இருந்த துணிகளை அள்ளி இடம் செய்தார்கள். குதிரைவண்டி பீரைப் பற்றிக் கேட்டதும் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அண்ணே, சொன்னா அவருகிட்ட போயி சொல்லிருவீகளா?" என்றார் முருகேசன்.

"சொல்ல மாட்டேன், சொல்லுங்க."

"கருமம்ணே. நிலவேம்புக் கசாயத்துல சோடா ஊத்துன மாதிரி இருக்கு. பிரீஸர்ல வச்சு ஐஸாக்கிக்கூடப் பாத்துட்டம். கசப்பு இன்னும் கூடுது."

கீழ்க்கட்டிலில் இருந்தவர், இல்லை என்பதற்கு இங்கே எல்லாரும் சொல்கிற மாஃபியோடு சேர்ந்துகொண்டார். "கிக்கும் மாஃபி, ஒண்ணும் மாஃபி. நாலு பாட்டில் குடிச்சா பாத்ரூம்தான் வருது. இருக்குறது ஒரு பாத்ரூம், எட்டு ஆளு."

"அப்ப அன்னிக்கு அவர் வீட்டுல நல்லா இருக்குன்னீங்களாமே?"

முருகேசனுக்குக் கோபம்கூட வந்துவிட்டது. "என்னண்ணே பேசுறீக. அவரு எனக்கு இந்த வேலை வாங்கிக் குடுத்த மனுசன். அக்கா நின்னுக்கிட்டே பரிமாறுது, இன்னும் கொஞ்சம் வச்சுக்கங்கன்னு. வாயில அவுக வீட்டுக் கறிய வச்சுக்கிட்டு நல்லா இல்லைன்னு எப்படிண்ணே சொல்றது? நீங்களா இருந்தாச் சொல்லுவீகளா?"

கதிரேசன் கொடுத்தனுப்பிய மிச்ச பாட்டில்களை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். கோழியை அதில் ஊற வைத்து வறுத்தார்களாம். அது பரவாயில்லையாம். ஒரு கன்டெய்னர் சரக்குக்கு எவ்வளவு கோழி வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினேன்.

மூன்றாம் நாள் கதிரேசனே என்னை சத்வாவுக்கு அழைத்துப் போனார். தையல் கடைகள் வரிசையாக இருக்கிற ஒரு தெருவின் முனையில் சின்ன ஓட்டல், உள்ளே ஒரு பார். அங்கே வேலை செய்யும் சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். கதிரேசனுக்காக ஒரு அடுக்கு முழுக்க குதிரைவண்டியை நிறுத்தி வைத்திருந்தார். அந்த அடுக்கு மட்டும் கலையாமல் இருந்தது. கதிரேசன் யாரிடமோ போன் பேச வெளியே போன சமயம் சிவநேசன் என் பக்கம் குனிந்தார்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுறன், கோவிக்காதேங்கோ. இதை ஒருத்தரும் கேக்கினமில்லை. கதிரேசண்ணை பாவம் எண்டுதான் எடுத்தனான். விலையைக் குறைச்சும் போட்டுப் பாத்தன். இவ்வளவு மலிவாத் தாறாங்கள், இதில ஏதோ பிழை இருக்கெண்டு சனம் இன்னும் தள்ளி நிக்குது."

"வெள்ளைக்காரங்க?"

"பாக்கினம். கையில எடுத்து சந்தோசப்படுகினம். பிறகு வேற ஒண்டைச் சொல்லுவினம்."

என் கண்ணெதிரிலேயே அது நடந்தது. நடுத்தர வயதில் ஒரு இங்கிலீஷ்கார டீச்சர், கூட ஒரு தோழி. அடுக்கைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடக் கடவுளே, இதைப் பார்! என் தாத்தாவின் கம்பளிச் சட்டை இந்த வாசனைதான் அடிக்கும்" என்று தோழியிடம் சொன்னார். பாட்டிலைக் கையில் எடுத்துப் படம் பிடித்தார். வெளியிலிருந்து திரும்பி வந்த கதிரேசன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். டீச்சர் பாட்டிலைப் பத்திரமாகத் திரும்ப வைத்துவிட்டு வெள்ளை ஒயின் கேட்டார்.

"போட்டோ எடுத்தாங்க மச்சான். போட்டோ எடுத்தா நாலு பேரு பாப்பாங்க" என்றார் கதிரேசன், காரில். நான் ஜன்னல் வழியாகத் தையல் கடை பொம்மைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவருக்குக் கடைசி நம்பிக்கை ருவைஸ். அபுதாபிக்கும் அப்பால், கடலோரத்தில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையைச் சுற்றி எழுந்த ஊர். அங்கே வேலை செய்கிற இங்கிலீஷ் இன்ஜினியர்கள் கூடுகிற ஒரு கிளப் இருக்கிறது. அதற்கு என்ன சரக்கு வாங்குவது என்று தீர்மானிப்பவர் கிரஹாம் என்ற பழைய ஆள். அவர் சரி என்றால் சரக்கில் பெரும்பகுதி போய்விடும். நேரில் வந்து காட்டச் சொல்லியிருந்தார். முறைப்படி அனுமதிப் பேப்பர் வாங்கி, ஒரு பெட்டி சாம்பிளை டிக்கியில் ஏற்றிக்கொண்டு விடிந்ததும் கிளம்பினோம்.

பாலைவனத்தைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. நம் ஊரில் நெடுஞ்சாலையில் போனால் மைலுக்கு ஒரு டீக்கடை, ஒரு கல்யாண மண்டபம், ஒரு கட்அவுட் என்று கண்ணுக்கு வேலை இருக்கும். இங்கே மனதில் இருப்பதைத்தான் பார்த்துக்கொண்டு போக வேண்டும். கதிரேசன் மனதில் என்ன ஓடியதோ, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். மிர்ஃபா என்ற ஊரைத் தாண்டும் முன்னால் ஏசியில் சூடான காற்று வந்தது. பிறகு பானெட்டிலிருந்து ஆவி. ஓரம் கட்டினோம்.

சாம்பிள் வெந்துவிடுமே என்று அவர் தன் பனியனைக் கழற்றி, குடிக்க வைத்திருந்த தண்ணீரை அதில் ஊற்றி, பாட்டில்கள் மேல் போர்த்தினார். சட்டையை மட்டும் மாட்டிக்கொண்டு சாலையோரத்தில் காரின் நிழலில் குந்தினார். எனக்குத் தாங்கவில்லை. ஒரு மனிதனை இப்படியே நம்பிக்கொண்டிருக்க விடுவது பாவம் என்று பட்டது. முருகேசனுக்குக் கொடுத்த வாக்கை அங்கேயே முறித்தேன்.

"மாப்ள, அன்னிக்கு உங்க வீட்டுல குடிச்சானுங்களே, ஒருத்தனுக்கும் பிடிக்கல. உங்க முகத்துக்காகச் சொல்லியிருக்கானுங்க."

ஒரு லாரி கடந்து போனது.

"இல்ல மச்சான். முருகேசன் ரெண்டாவது பாட்டில் கேட்டான்."

"கேட்டானா, நீங்க ஊத்துனீங்களா?"

கண்ணைச் சுருக்கி யோசித்தார். அந்த ஹாலையும், அந்த மத்தியானத்தையும், யார் கிளாஸ் யாரால் நிரம்பியது என்பதையும் அவர் திரும்பப் பார்ப்பது எனக்கே தெரிந்தது. "நான்தான் ஊத்துனேன்" என்றார். பிறகு மெதுவாக, "அப்ப யாருமே சொல்லலையே மச்சான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஆர்டரே போட்டிருக்க மாட்டேனே" என்றார். சொன்னது தப்போ என்று எனக்கு மனது அடித்துக்கொண்டது.

காரை இழுக்க வந்த வேன் டிரைவர் பெஷாவர் பக்கத்துக்காரர். கதிரேசன் அவரோடு இந்தியில் பேசி எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார். பெட்டியை டிக்கியில் விட மனமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். குலுங்கலில் ஒரு பாட்டில் விரிசல் விட்டு என் வேட்டியெல்லாம் நனைந்தது. டிரைவர் மூக்கைச் சுளித்தார். அவர் குடிக்காதவர், ஐந்து வேளை தொழுகிறவர். "பாய், இதைக் குடித்தால் நரகம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நரகத்துக்குப் போகிறவன் வாசனையாக எதையாவது குடித்துவிட்டுப் போகக் கூடாதா?" என்றாராம். அந்தப் பயணத்தில் கதிரேசன் சிரித்தது அப்போதுதான். காரை ஒர்க் ஷாப்பில் விட்டுவிட்டு எங்களை ருவைஸ் வரை கொண்டுபோய் விட்டார் அந்தப் புண்ணியவான். கூலிக்கு மேல் ஒரு காசு வாங்கவில்லை.

கிரஹாம் ஓய்வு பெறும் வயதில் இருந்தார். சிவந்த கை, வெளுத்த புருவம். பீர் நாற்றத்தோடு வேட்டியில் வந்து நின்ற என்னைப் பார்த்துக் கொஞ்சமும் அதிர்ச்சி அடையவில்லை, நாற்காலி இழுத்துப் போட்டார். கிளப்பில் மத்தியான நேரம், கூட்டமில்லை. பாட்டில் சூடாகிவிட்டது, குளிர வைத்துத் தரட்டுமா என்று கதிரேசன் பதறினார். "வேண்டாம், எங்கள் ஊரிலும் இதைக் குளிர வைக்காமல்தான் குடிப்போம்" என்றார் கிரஹாம். லேபிளை விரலால் தடவினார். தானே ஊற்றிக்கொண்டார்.

அவர் குடித்ததைப் போல அந்த வாரத்தில் வேறு யாரும் குடித்து நான் பார்க்கவில்லை. பேசாமல், அவசரமில்லாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தார். கதிரேசன் மேசைக்குக் கீழே என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் வேண்டிக்கொண்டேன், மறைப்பானேன்.

"ஒரு மாற்றமும் இல்லை. அப்படியேதான் இருக்கிறது" என்றார் கிரஹாம். "என் அப்பா மில்லில் வேலை செய்தார். சம்பள நாளில் இது. மில்லை மூடின பிறகு சம்பளம் இல்லாத நாளிலும் இது. கடையில் இருந்ததிலேயே மலிவு இதுதான்."

"அப்ப கிளப்புக்கு எத்தனை பெட்டி அனுப்பட்டும் சார்?" என்றார் கதிரேசன்.

கிரஹாம் கிளாஸைத் தள்ளி வைத்தார். "நண்பரே, இங்கே இருக்கிற பாதிப் பேர் இதைக் குடித்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். இதைக் குடிக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு தூரம் வந்தோம். நீங்கள் கொண்டுவந்தால் எல்லாரும் உங்களைத் தட்டிக்கொடுப்பார்கள், அருமை என்பார்கள், ஆளுக்கொன்று வாங்குவார்கள். இரண்டாவது வாங்க மாட்டார்கள்."

கதிரேசன் விடவில்லை. அவர் இங்கிலீஷ் தடுமாறியது. "எங்க ஆளுங்க ஊர் சாமானை மூணு மடங்கு விலை கொடுத்து வாங்குறாங்க சார். ஊர்னா எல்லாருக்கும் ஊர்தானே?"

"நீங்கள் திரும்பிப் போகப் போகிறவர்கள்" என்றார் கிரஹாம். "உங்களுக்காக அங்கே ஒரு கதவு திறந்திருக்கிறது, இல்லையா? நான் அந்த வீட்டை விற்றுவிட்டேன். எனக்கு எதற்கு அதன் ருசி?"

மனிதர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் சொல்லாத உண்மையை மரியாதையாகச் சொன்னார், சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். வறுத்த மீனும் உருளைக்கிழங்கும். வினிகரைத் தெளித்து அதைச் சாப்பிடுகிறார்கள். சாம்பிள் பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள் என்று கதிரேசன் கெஞ்சினார். ஒரு பாட்டில்கூட வேண்டாம் என்றுவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் அந்தப் பெட்டி எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சீட்டை அடைத்துக்கொண்டு வந்தது. துணியைச் சுற்றி மூடியிருந்தோம். பக்கத்தில் இருந்தவர் அதை மாம்பழம் என்று நினைத்து எந்த ஊர்ப் பழம் என்று விசாரித்தார்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். கதிரேசன் போய்விட்டு மத்தியானமே திரும்பி வந்தார். மத்தியானத்தில் வீட்டுக்கு வருகிற அப்பாவை ரித்திகா பார்த்ததே இல்லையாம், காய்ச்சலா என்று நெற்றியில் கை வைத்தாள். "கலாஸ்" என்றார் அவர், முடிந்தது என்பதற்கு இங்கே சொல்கிற அரபு வார்த்தை. வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்த மாதம் முடிகிற வரை வேலை. தேதி தாண்டியதும் சரக்கை அதிகாரிகள் முன்னிலையில் உடைத்துக் கொட்டிவிடுவார்களாம். நான் வந்ததால் எந்த மாற்றமும் இல்லை. டானிக் விற்ற சூரனை விமானம் ஏற்றி வரவழைத்தார்கள், நான் வந்து செய்ததெல்லாம் சாலையோரத்தில் வைத்து ஒரு மனிதனின் கடைசி நம்பிக்கையைப் பிடுங்கியது மட்டும்தான்.

வள்ளி அழவில்லை. அலமாரியைத் திறந்து எதை ஊருக்கு எடுத்துப்போவது, எதை யாருக்குக் கொடுப்பது என்று பார்க்க ஆரம்பித்தாள், பிறகு திறந்தபடியே விட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள். விசிட் விசாவில் இருந்து பிள்ளை பரீட்சை எழுதிவிடலாம் என்றார் போனில் ஒருவர். பள்ளிக்கூடம் ஒத்துக்கொள்ளாது என்றார் இன்னொருவர். யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. ரித்திகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இங்கிலீஷில் ஆரம்பித்து, எனக்காகத் தமிழுக்கு மாறினாள்.

"மாமா, உங்க ஊர்ல ஸ்கூல்ல சைக்காலஜி இருக்கா? அது என் சப்ஜெக்ட்."

"விசாரிக்கிறேன் கண்ணு" என்றேன். உங்க ஊர் என்றாள். அலமாரிப் பக்கமிருந்து வள்ளி திரும்பிப் பார்த்தாள். இந்தக் குழந்தைக்கு அது போக வேண்டிய ஊர், திரும்புகிற ஊர் இல்லை. எனக்கு கிரஹாம் ஞாபகம் வந்தார். திறந்திருக்கிற கதவு என்றாரே, அதற்குள் இவள் எப்படி நுழைவாள் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

மறுநாள் எனக்கு விமானம். அன்று வெயில் தாழ்ந்து பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்த நேரம், கதிரேசன் குளித்து, திருநீறு பூசி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்தார். ருவைஸிலிருந்து சுமந்து வந்த பெட்டியிலிருந்து ஒரு பாட்டில் எடுத்தார். கிளாஸை வெள்ளைத் துணியால் துடைத்தார். முதல் நாள் போலவே சாய்த்துப் பிடித்து, சிந்தாமல் ஊற்றினார். வள்ளி இங்கே கிடைக்கிற ஷேரி மீன் வறுத்துக் கொண்டுவந்து வைத்தாள். இந்த வீட்டில் கடைசியாக வைக்கிற விருந்து என்பதுபோல இலை வாங்கிவந்து போட்டிருந்தாள்.

"வந்த அன்னிக்கு, நாளைக்குச் சொல்றேன்னீங்க. இன்னும் சொல்லல மச்சான்."

"அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே மாப்ள, இனி என்னத்துக்கு?"

"முடிஞ்சுபோச்சு, அதனாலதான் கேக்குறேன். இனிமே நீங்க என்ன சொன்னாலும் ஒரு பெட்டி கூடப் போகாது, ஒரு பெட்டி குறையப் போகாது. ஒருத்தராவது எனக்கு நெசத்தச் சொல்லுங்க. எப்படி இருக்கு?"

ஒரு வாய் குடித்தேன். அதே ஈரல் டானிக், அதே ஈரச் சாக்கு. வாரம் முழுக்க முருகேசனையும் அவன் கூட்டாளிகளையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தவன் நான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு குடும்பம் பிழைத்திருக்குமே என்று கொதித்தவன். இப்போது மீனும் சோறும் என் முன்னால் இருந்தன. வள்ளி கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சலவைச் சட்டையைப் பார்த்தேன்.

"நல்லா இருக்கு மாப்ள" என்றேன்.

அவர் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "முருகேசனும் இதே மாதிரிதான் மச்சான் சொன்னான்" என்றார். கோபம் இல்லை. கை நீட்டி அடுத்த பாட்டிலை எடுத்துத் திறந்தார். நான் கேட்கவில்லை. அவராகவே என் கிளாஸை வாங்கி, சாய்த்துப் பிடித்து, விளிம்பு வரை நிரப்பி, இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

எடுத்துக் குடித்தேன்.